மூன்று வளையம்

சனிக்கிழமை ராத்திரி முடித்தேன்
நூற்றுப் பதினாறாம் கோப்பு: மாங்காய்க் கொலுசு.
திங்கள் காலை செவ்வாய்பேட்டையில்
ஒரே ஒருவருக்கு விற்றேன்.
புதன் மதியம் சிவதாபுரத்தில்
நாலு பட்டறை மெஷின்கள் அதை வெட்டிக்கொண்டிருந்தன.
என்னுடையதுதான். சந்தேகமே இல்லை.
காம்பு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
அது அழகுக்கு வைத்ததல்ல;
தூக்கக் கலக்கத்தில் மவுஸ் வழுக்கி
நான் செய்த பிழை.
பிழையைக்கூட விடாமல் எடுத்திருந்தார்கள்.

அதன்பிறகுதான் பூட்டு தேடினேன்.

முதல் கம்பெனிக்காரர் திரையில் வந்தார்.
எங்கள் தெருவில் டை என்றால்
வெள்ளியை அச்சடிக்கும் இரும்பு;
அவர் அதைக் கழுத்தில் கட்டியிருந்தார்.
முதுகுக்குப் பின்னால் பொய்யான புத்தக அலமாரி.
"இரும்புக் கோட்டை மேடம்" என்றார்.
ஒரு கோப்புக்கு ஒரு கணினி. நெட் இல்லாமல் திறக்காது.
கணினி கெட்டுப்போனால்?
புதுச் சாவி வாங்க வேண்டும்.
உங்கள் கம்பெனியே கெட்டுப்போனால்?
அவர் சிரித்துத் திரும்பியதில்
அலமாரி ஒரு நொடி கலைந்தது;
கொடியில் ஈரத் துண்டு ஒன்று தொங்கியது.

இருந்தும் வாங்கினேன்.
கோபத்தில் வாங்கும் எதற்கும்
நான் பேரம் பேசுவதில்லை.

பனங்காட்டில் தனபாக்கியத்தின் பட்டறை.
கணினிக்கு அரிசிச் சாக்குதான் உறை.
அங்கே நெட் என்பது
தம்பியின் செல்போனோடு காலையில் வேலைக்குப் போய்
இருட்டிய பிறகு வீடு திரும்பும்.
பதினொரு மணிக்கு அழைத்தாள்:
"ஏனக்கா, காசு குடுத்தவளுக்குத் தொறக்க மாட்டேங்குது.
குடுக்காதவன் அங்க வெட்டிட்டிருக்கான்.
இந்தப் பூட்டு யாருக்குப் போட்டது?
வெள்ளிக்கெழம அறுவது ஜோடி குடுக்கோணும்."

என்னிடம் பதில் இல்லை.
பூட்டில்லாத கோப்பை அனுப்பிவிட்டு
மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.
ஏற்காட்டுப் பாதையில் ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம்
வளைவுக்கு வளைவு அணைந்து எரிந்தது.
மேசையில் என் பழைய கொலுசு.
கொக்கிக்கு எதிரே மூன்று வளையம்.
ஒன்றோடு நிறுத்தினால் வெள்ளி மிச்சம்,
ஆனால் யாரும் நிறுத்துவதில்லை.
குழந்தை வளரும். மாசமான பெண்ணுக்கு
ஏழாம் மாதம் கால் வீங்கும்.

மறுநாள் கேள்வியை மாற்றிக் கேட்டேன்.
மொத்தமாய் எடுக்கும் கேவல்சந்துக்கு ஜோடிக் கணக்கு,
தனபாக்கியத்துக்கு நெட் இல்லாமல் நாற்பது நாள்,
புதிதாய் வருகிறவனுக்கு ஒரு மெட்டி இலவசம்:
இதையெல்லாம் நானே முறுக்கவும் தளர்த்தவும் ஆகுமா?
பிடிக்காவிட்டால் என் கோப்புகளோடு
நான் வெளியேறலாமா?
இரண்டு பேர் "அடுத்த அப்டேட்டில்" என்றார்கள்.
ஓசூரிலிருந்து ஜெபசெல்வி என்றொரு பெண் மட்டும்
"ஆகும்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி,
"மெஷின்ல ஏறின பிறகு எந்தப் பூட்டும் நிக்காது.
அதையும் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க."
அவளிடம் வாங்கினேன்.

மெஷினில் ஏறிய பிறகு நிற்பது எது?
பட்டறை பட்டறையாய் நடந்துபோன
என் பிழை நின்றதே.
இப்போது ஆளுக்கொரு சாய்வில் காம்பு வரைகிறேன்,
என் கண்ணுக்கு மட்டும் பிடிபடும் அளவில்.
கோப்பைப் பிரித்தாலும் போகாது,
வெள்ளியை உருக்கினால்தான் போகும்.

போன வாரம் புது பஸ் ஸ்டாண்டில்
ஆத்தூர் பஸ்ஸுக்கு ஓடினாள் ஒருத்தி.
மாங்காய்க் கொலுசு.
படியில் கால் வைத்த நொடியில் காம்பைப் பார்த்துவிட்டேன்.
தனபாக்கியத்தின் சாய்வு.
அவள் பணம் கட்டியது இருநூறு ஜோடிக்கு.
இது நூற்றுத் தொண்ணூறாவதா,
இருநூற்றுப் பத்தாவதா?
பஸ் கிளம்பிவிட்டது.
இரண்டாவது வளையத்தில் மாட்டியிருந்தாள்.